முடி நடுவதற்கு முன் மனதைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முடி நடும் விளம்பரங்களைப் பார்த்துத் தோல் மருத்துவர்களிடம் வருகிறவர்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பையன்கள் நிறைய. பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியதும் வரும் தவிப்பு அது. அவர்களிடம் முதல் கேள்வியே ‘எத்தனை கிராஃப்ட்?’ (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) என்றால் அது மருத்துவம் ஆகாது.

நடும் முடி பின்மண்டையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. முடியை உதிரவைக்கும் ஹார்மோனுக்கு எளிதில் மசியாத முடி அது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 4,000 முதல் 6,000 கிராஃப்ட்தான். 22 வயதில் 2,500-ஐ நெற்றியில் தாழ்வாக நட்டுவிட்டால், பின்னாளில் அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி உதிரும்போது நெற்றியில் ஒரு வரிசை மட்டும் தனியே நிற்கும். நடுமண்டையை மூடக் கையிருப்பு போதாது.

அதனால் முதலில் மருந்துதான். தலையில் தடவும் 5 சதவீத மினாக்ஸிடில் திரவம், வேளைக்கு 1 மில்லி, தினம் இரு வேளை, முடியில் அல்ல, தோலில் படவேண்டும். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள், பலன் தெரிய 4 முதல் 6 மாதம் வேண்டும். முடி உதிர்வைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்கூடத் தரலாம். ஏற்கெனவே மனம் ஒடிந்துபோய் வந்திருப்பவரிடம் மனநிலையை விசாரிக்காமல் அதை எழுதித்தருவது ஆபத்து.

நட்ட முடியும் 2 முதல் 6 வாரங்களில் உதிரும். வேர் உள்ளேயே இருக்கும். 3, 4 மாதத்தில் முளைவிட்டு, முழுத் தோற்றம் வர ஓராண்டு ஆகும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், பணமும் போய் முடியும் போனதென்று பையன் அறைக்குள் முடங்கிவிடுவான். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பு நடுவதில் பயனில்லை.

மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசிக்கும் வரம்பு உண்டு. அட்ரினலின் கலந்தது கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 சதவீத மருந்தில் 21 மில்லிதான் உச்சம். 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டுமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. ஊசி போடுவதும் தோலைத் துளைப்பதும் யார் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே பெயர், பதிவு எண்ணுடன் எழுத வைக்கவேண்டும்.

தூக்கம் வருகிறதா, தொப்பியில்லாமல் வெளியே போக முடிகிறதா, எந்நேரமும் கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். விடை கவலை தந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, முடி வேலையை ஒத்திப்போடுங்கள். வீட்டாரும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இலவசமாக அழைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர், மதுரை