சங்கங்களின் மூத்த நிர்வாகிகளுக்கு: இளைஞர் அணியைக் கலைத்துவிடுங்கள்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே,

நலச் சங்கம், இலக்கிய மன்றம், நூலகக் குழு, முன்னாள் மாணவர் பேரவை என்று எந்தப் பெயரில் நீங்கள் கூடினாலும் ஆண்டறிக்கையில் ஒரு வரி மட்டும் மாறுவதேயில்லை: "இளைய தலைமுறையினர் ஆர்வத்துடன் முன்வர வேண்டும்." அதைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொடுத்தவருக்குப் பெரும்பாலும் இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். முன்வந்தவரை வைத்தே, யாரும் முன்வரவில்லை என்று எழுதிவிடுகிறோம்.

நான் இளைஞர் அணிக்கான வயதைத் தாண்டியவன். மூத்தோர் பட்டியலில் சேர இன்னும் காலம் இருக்கிறது. இரு தரப்பினரும் மற்றவரைப் பற்றி என்னிடம்தான் புலம்புகிறார்கள். இதை எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். நான் கேட்பதும் ஒன்றே ஒன்று: இளைஞர் அணியைக் கலைத்துவிட்டு, அதில் இருப்பவர்களைச் செயற்குழுவுக்குள் வாக்குரிமையோடு உட்கார வையுங்கள்.

இளைஞர் அணியின் வேலை என்னவென்று உங்களுக்கே தெரியும். நாற்காலி அடுக்குவது, அழைப்பிதழை வடிவமைப்பது, ஒலிபெருக்கி வந்துவிட்டதா என்று பார்ப்பது, விழா முடிந்ததும் படங்களை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது. எவ்வளவு செலவழிக்கலாம், யாரைப் பேச அழைக்கலாம், அந்த விழா தேவைதானா என்பதெல்லாம் வேறோர் அறையில், வேறு ஆட்களால் முடிவாகிறது. முதல் கூட்டத்துக்கு உற்சாகமாக வருகிறவர் அடுத்த கூட்டத்துக்கு மரியாதைக்காக வருகிறார். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் வராமல் போவதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை.

நாடாளுமன்றங்களும் இப்படித்தான் இருக்கின்றன. உலக மக்களில் பாதிப் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களில் அந்த வயதினர் 2.8 விழுக்காடுதான் என்று நாடாளுமன்றங்களின் பன்னாட்டு ஒன்றியம் 2023இல் கணக்கிட்டது. நாடாளுமன்றத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஒரு சங்கத்தின் விதிமுறையை மாற்ற ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும்.

"இரு தலைமுறைகளும் கலந்து பழகத்தான் நிகழ்ச்சி நடத்துகிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல், இன வெறுப்பைப் பற்றி எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இரு குழுக்களை வெறுமனே சந்திக்க வைத்தால் காழ்ப்பு குறைந்துவிடாது. இருவருக்கும் சம நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து உழைத்தால்தான் அது முடியும் என்ற நிலை வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். அக்டோபர் 1 அன்று நாம் நடத்தும் முதியோர் நாள் விழாவை இந்த நான்கையும் கொண்டு உரைத்துப் பாருங்கள். மூத்தவர்கள் மேடையில், இளையவர்கள் பரிமாறும் இடத்தில். நினைவுப்பரிசு கொடுத்து, படம் எடுத்து, கலைந்துவிடுகிறோம். நான்கில் மேலிடத்து ஆதரவு மட்டும் தேறும்.

பெரியவர்களுக்குக் கைப்பேசி கற்றுக்கொடுக்கும் வகுப்பும் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவர் எப்போதும் தெரிந்தவர், மற்றவர் எப்போதும் தெரியாதவர். அதே இருவரிடம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைக் கொடுத்துப் பாருங்கள். மடிந்து, மை மங்கி, அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அந்தப் பேரேடுகளை மின்படியாக்கி, தேடியெடுக்கும்படி அட்டவணைப்படுத்துவதுதான் வேலை. இளையவருக்கு வருடிப் பொறி (ஸ்கேனர்) தெரியும், கோப்புகளுக்குப் பெயரிடும் முறை தெரியும். ஆனால் அந்தக் கூட்டெழுத்தை அவரால் படிக்க முடியாது. படித்தாலும், "மேற்படியாரின் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது" என்ற வரியில் மேற்படியார் யார், எதற்காக ஆட்சேபித்தார், அதன்பின் ஏன் அவர் கூட்டத்துக்கே வரவில்லை என்பதெல்லாம் ஏட்டில் இருக்காது, பெரியவரிடம்தான் இருக்கும். பெரியவர் அதைச் சொல்லத் தொடங்கும்போது சங்கம் எத்தனை முறை உடையப் பார்த்தது என்பதும் வெளியே வரும். இன்றைய தலைவர் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய கலகக்காரர் என்று இளையவருக்குத் தெரியவரும். (இதற்காகவே சில தலைவர்கள் இந்தத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.) ஒருவர் இல்லாமல் மற்றவரால் வேலையை முடிக்க முடியாது. அங்கே மரியாதையைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவையே எழாது.

இரு தலைமுறைகளும் சேர்ந்து இயங்குவது பலித்த சில இடங்களைப் பாருங்கள்; அங்கே வேலையும் நேரமும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் உள்ள ஹியூமானிடாஸ் முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்கள் வாடகையின்றித் தங்குகிறார்கள்; பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அங்குள்ளவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மூத்த தன்னார்வலர்கள் தொடக்கப் பள்ளிகளில் வாரம் 15 மணி நேரம் பணியாற்றும் திட்டம் ஒன்று நடந்தது. கதை சொல்லிவிட்டுப் போகும் விருந்தினர்களாக அவர்களை யாரும் நடத்தவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், சிறு ஊக்கத்தொகை கொடுத்தார்கள், ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யச் சொன்னார்கள்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். பொறுப்பைக் கொடுத்துவிட்டால் நாளை நம்மை யார் கூப்பிடுவார்கள் என்ற கேள்வியை எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கைமாற்றம் தள்ளிப்போவதற்கு விதிமுறைகளைவிட அதுவே பெரிய காரணம். அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் தூரமாகிப்போன ஒருவருக்குச் செயலாளர் என்ற பெயர் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமாகவே இருக்கலாம். பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் அப்படி இல்லாதவர்களைவிடச் சுமார் 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஓர் ஆய்வை வைத்து ஆயுளை அளந்துவிட முடியாதுதான். ஆனால் தாம் இன்னும் தேவைப்படுகிறோம் என்ற எண்ணத்தைப் பறித்துவிட்டு நினைவுப்பரிசு கொடுப்பது நல்ல பண்டமாற்று அல்ல என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஆகவே பதவியை விடுகிறவருக்குப் பெயரளவு ஆலோசகர் பட்டம் போதாது. பேரேடுகள், நன்கொடையாளர் தொடர்பு, புதியவர்களுக்கான பயிற்சி என்று அவருக்கென ஒரு துறை வேண்டும். அதில் அவர் சொல்வதே முடிவாக இருக்க வேண்டும்.

இளையவர்களிடமும் சொல்ல வேண்டியது உண்டு. மூன்று ஆண்டுக் குறிப்புகளைக்கூடப் படிக்காமல் முதல் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் மாற்றத் துடிப்பது, பெரியவர் பேசும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டும் எரிச்சலூட்டுகின்றன. உலகில் இருவரில் ஒருவருக்கு முதியவர்கள் மீது வயதுசார்ந்த பாகுபாட்டு மனநிலை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. ஐரோப்பாவில் வயதை வைத்துப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று மற்ற வயதினரைவிட இளையவர்களே அதிகம் சொல்கிறார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இரு பக்கமும் அடி வாங்குகிறார்கள், இரு பக்கமும் கொடுக்கிறார்கள்.

அதனால் விதிமுறையில் மாற வேண்டியவற்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். செயற்குழுவில் மூன்றில் ஓர் இடம் முப்பத்தைந்து வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு. எந்தப் பொறுப்பிலும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவரே இருக்கக் கூடாது. இணைச் செயலாளருக்குக் காசோலையில் கையெழுத்திடும் உரிமை. இதில்தான் நீங்கள் அதிகம் தயங்குவீர்கள், ஆகவே இதில்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். ஆண்டு வரவு செலவில் ஒரு சிறு பகுதியைப் புதிய முயற்சிக்கென ஒதுக்குங்கள். அது தோற்றுப்போனால் கணக்குக் கேளுங்கள், பழிக்காதீர்கள். நீங்கள் தொடங்கியவற்றில் எத்தனை தோற்றன என்பதும் அந்தப் பேரேடுகளில் இருக்கிறது.

எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நானே முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். எழுபதைக் கடந்தவராக இருந்தால் மிகவும் நல்லது.

இப்படிக்கு,
சந்தாவை ஒழுங்காகக் கட்டிவரும் ஓர் உறுப்பினன்