மகனின் தொப்புள் காய்ந்துவிட்டது: ஒரு நன்றி மடல்

எங்கள் மகனுக்குத் தொப்புள்கொடி எட்டாம் நாளே விழுந்துவிட்டது. தொப்புள்தான் காயவே இல்லை. அம்மா வசம்பு சுட்டுப் போடலாம் என்றார், பக்கத்து வீட்டு ஆயா விபூதி என்றார். ஒரு கிளினிக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று மூன்று முறை சில்வர் நைட்ரேட் வைத்தார்கள். அப்பவும் சட்டை நனைந்தது.

முதல் நன்றி எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு. எடை பார்க்க வந்தவர், பையன் முக்கி அழும்போது தொப்புளில் நீர் ஊறுவதைக் கவனித்தார். பஞ்சில் ஒற்றி முகர்ந்தார். "மூத்திர வாசனை வருதும்மா. எதையும் தடவாதீங்க, ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் ஓபி சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கருவில் சிறுநீர்ப்பையின் உச்சியையும் தொப்புளையும் இணைக்கும் குழாய் யூராக்கஸ். பிறப்பதற்குள் சுருங்கி நாராகிவிட வேண்டும். இவனுக்கு மூடவில்லை. கீழே சிறுநீர் போகும் பாதையில் அடைப்பு இருந்தாலும் இப்படி ஒழுகலாம் என்று மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அடைப்பு இல்லை.

உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். ஆறு மாதத்துக்குள் தானாக மூடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, பொறுங்கள் என்றார். அன்று அவரை மனசுக்குள் திட்டினேன். மன்னிக்க வேண்டும் டாக்டர்.

ஐந்தாம் மாதம் தொப்புள் சிவந்து சீழ் கோத்தது, காய்ச்சல் வேறு. அப்போதும் அவசரப்படவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்துப் புண்ணை ஆற்றி, சில வாரம் கழித்தே கத்தி வைத்தார். சிறுநீர்ப்பையின் உச்சியில் கொஞ்சம் சேர்த்துக் குழாயை முழுசாக எடுத்தார். மிச்சம் இருந்தால் திரும்பவும் சீழ் பிடிக்கலாம், பெரியவனான பிறகு அபூர்வமாகப் புற்றுநோயும் வரலாமாம்.

அப்புறம் சிறுநீர் ட்யூபோடு ஒரு வாரம். அதை அவன் உதைத்துப் பிடுங்காமல் காத்த வார்டு சிஸ்டர்களுக்கும், நான் கண்ணயர்ந்த இரவுகளில் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் கடலூர் அக்காவுக்கும் நன்றி. அவர் மகளுக்கு அப்போது தையல்கூடப் பிரித்திருக்கவில்லை.

செவிலியர் அக்கா, அடுத்த முறை வரும்போது தழும்பைப் பாருங்கள். தொட்டால் கூச்சத்தில் சிரிக்கிறான்.