உன் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன்

பொள்ளாச்சி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கொலராடோ காட்டில் எல்க் மான் வேட்டைக்குப் போக நீ எழுதி வாட்ஸாப்பில் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டேதான் பேசுகிறாய். வீட்டிலிருந்து பேசுவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஐந்து நாளுக்கு 4.2 கிலோ. நாளுக்கு 840 கிராம். கிராமுக்கு நாலு கலோரி என்று வைத்தாலும் 3,300க்கு மேல் வருகிறது. கொழுப்புக்கு ஒன்பது, மாவுக்கும் புரதத்துக்கும் நாலு என்று ஓரத்தில் குறித்திருந்ததை உன் அம்மாவிடம் காட்டினேன். வனத்துறையில் இருந்தபோது டாப்சிலிப்பில் நாங்கள் ரேஷன் எழுதிய லட்சணம் உனக்குத் தெரியும். அரிசி ஒரு மூட்டை, பருப்பு, புளி, மிளகாய், மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குச் சுமக்க ஆள் இருந்தது. உன் ஃபிளாட் டாப்ஸ் காட்டுக்குள் 1964ஆம் வருடச் சட்டப்படி வண்டி எதுவும் நுழையக்கூடாது. குதிரை இல்லாவிட்டால் முதுகுதான். அதை நினைத்து ஒவ்வொரு கிராமாகச் செதுக்கியிருக்கிறாய், சரி.

ஆனால் ஸ்பூன் ஒன்றுதான் எழுதியிருக்கிறாய். பாத்திரம் 750 மில்லி, அதுவும் ஒன்று. கேஸ் 230 கிராம் குப்பி ஒன்று. ஒரு ஆள் தினம் ரெண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்தால் ஐந்து நாள் தாங்கும். இரண்டு ஆளுக்கு நிச்சயம் தாங்காது. அவரவர் சாமான் அவரவர் பையில் இருக்கும் என்று நீ சொல்லலாம். இருக்கட்டும். ஆபீஸ் சிநேகிதர்கள் வருகிறார்கள் என்று போன மாதம் சொன்னாய், நான் மறக்கவில்லை. எதற்கும் இரண்டாவது ஸ்பூன் ஒன்று போட்டுக்கொள். பத்து இருபது கிராம்தானே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அரிசிம்பருப்புக்கு என்று அரிசியும் துவரம்பருப்பும் கலந்து ஒரு பொட்டலம் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. வால்பாறை 3,500 அடிதான், அங்கேயே குக்கர் கெட்டுப்போன வாரம் உன் அம்மா பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பதில் அவல் எடுத்துக்கொள். மெல்லிசு அவலுக்கு அடுப்பே வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஊறிவிடும். காற்று அடித்து அடுப்பு பற்றாத ராத்திரியில் உன்னைக் காப்பாற்றப் போவது அதுதான். நீ வாங்கி வைத்திருக்கும் பத்து டாலர் பொட்டலங்கள் எல்லாம் சுடுதண்ணீரை நம்பி இருக்கின்றன. உருளைக்கிழங்குப் பவுடர் நல்ல யோசனை. அதில் நெய்யும் கொள்ளுப்பொடியும் கலந்தால் வயிறு நிற்கும். கொள்ளுப்பொடியும் புளிக்காய்ச்சலும் அம்மா அனுப்புகிறாள். புளிக்காய்ச்சலில் எண்ணெய் மிதக்கிறதே என்று வடித்துவிடாதே, அந்த எண்ணெயில்தான் நீ தேடுகிற கலோரி இருக்கிறது.

பொரிவிளங்காய் உருண்டையும் வருகிறது. அக்டோபர் கடைசியில் அங்கே பனி விழும் என்றாய், குளிரில் அது கல்லாகிவிடும், அப்படியே கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளாதே. காலையில் ரெண்டு எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நட. ராத்திரி தண்ணீர் வடிகட்டியைப் படுக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு தூங்கு. உள்ளே ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பிறகு வயிற்றுப்போக்கில்தான் தெரியும். ஜெர்க்கி என்கிற காய்ந்த கறிக்குக் காசு கொடுக்கிறானே, நான் உப்புக்கண்டம் போட்டு அனுப்புகிறேன் என்றாள் அம்மா. அமெரிக்கச் சுங்கத்தில் கறியை விடமாட்டார்கள் என்றேன். அதற்கும் புரட்டாசியில் என் வாயால் கறி என்று சொல்லவைத்துவிட்டீர்களே என்று எனக்குத்தான் திட்டு. நீ போவது ஐப்பசியில் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

பசி விஷயம் முக்கியம். அந்த உயரத்தில் பசியே எடுக்காது, ஆனால் உடம்பு எரித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அங்கே வந்திருந்தபோது டிரெயில் ரிட்ஜ் மலை ரோட்டில் 12,000 அடிக்கு மேலே அம்மாவுக்குத் தலை சுற்றியதே, மருமகள்தான் மடியில் படுக்கவைத்து, ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் கொடுத்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தாள். அன்றைக்கு அம்மா சாப்பிட்டது அவள் பையில் இருந்த நார்த்தங்காய் மட்டும்தான். அதனால் கலோரி பார்த்தது போதும், நாக்குக்குப் பிடித்ததையும் கொஞ்சம் எடுத்துக்கொள். நார்த்தங்காய் பார்சலில் இருக்கிறது. அவளுக்குப் பிடிக்கும் என்று அம்மா கொஞ்சம் அதிகமாகவே வைத்திருக்கிறாள். மருமகள் நன்றாக இருக்கிறாள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு வார்த்தை பேசுவாள், இப்போது ஷிப்டு மாறிவிட்டது என்றாய். மாறியிருக்கும்.

இங்கே ஓய்வுபெற்றவர்கள் கூடும் இடத்தில் உன் வேட்டையைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கிறார்கள். கடமான் கறியோடு ஆள் பிடித்து 1972 வனவிலங்குச் சட்டத்தில் கேஸ் எழுதியே சர்வீஸை முடித்தவன் மகன், பணம் கட்டி டேக் என்கிற வேட்டை அனுமதிச் சீட்டு வாங்கி, மானைச் சுடப் போகிறான்! அங்கே 1937இலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி வாங்கி அதைக் காட்டு விலங்குகளுக்கே செலவு செய்கிறார்கள் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பழைய ரேஞ்சர் ஒருவர் மட்டும் தலையாட்டினார். எனக்கு இன்னும் மனசு முழுதாக ஒப்பவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நாலு பேரிடம் நானேதான் போய்ச் சொன்னேன்.

சரி, எல்க் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எஸ்டெஸ் பார்க்கில் நாம் பார்த்த கொம்பன் முன்னூறு கிலோவுக்குக் குறையாது. எலும்பு நீக்கினாலும் எண்பது, நூறு கிலோ கறி. தின்னக்கூடிய கறியைக் காட்டிலேயே விட்டுவந்தால் உங்கள் மாநிலத்தில் குற்றம். ஒரு நடைக்கு முப்பது கிலோ என்று வை. ஒற்றை ஆளாக இருந்தால் மூன்று நாலு நடை, பனியில், ஏற்றத்தில், கறி வாசனையை முதுகில் சுமந்துகொண்டு. அந்த நாளுக்கு உன் 840 கிராம் எந்த மூலைக்கு? நாலு பேர் என்றால் ஒரே நடையில் முடிந்தது. நான் சாப்பாட்டுக் கணக்குக்காகச் சொல்கிறேன். ஆறாவது நாளுக்கும் சேர்த்துக் கட்டு. கறி கிடைக்கும், சுட்டுச் சாப்பிடலாம் என்று எண்ணி ரேஷனைக் குறைக்காதே. பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். கிடைத்தாலும் மூளையைத் தின்னும் அந்த மெலிவு நோய் மான்களிடம் இருக்கிறது, 1967இல் உங்கள் கொலராடோவில்தான் முதலில் கண்டார்கள். வேகவைத்தாலும் போகாது. தலையைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை ஒரு துண்டு வாயில் வைக்காதே.

கரடிக்காக உணவைக் கட்டித் தொங்கவிட 15 மீட்டர் கயிறு எழுதியிருக்கிறாய். நல்லது. பத்தடி உயரம், அடிமரத்திலிருந்து நாலடி தள்ளி, கூடாரத்திலிருந்து நூறு கெஜம். அங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான், நம்மூர்க் கரடி மாதிரி முகத்தில் பாயாது என்றாய். பாயாவிட்டாலும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போனால் பட்டினி யார்? அரிசி வாசனைக்கு யானை முகாம் சுவரையே இடித்துவிட்டுப் போனதை நீ சின்னப் பையனாக வந்து பார்த்தாய். சமைத்த சட்டையோடு படுக்காதே.

மானாம்பள்ளிப் பக்கம் ரோந்து போகும்போது காடர் பழங்குடி வாட்சர்கள் தண்ணீர் எடுக்கக்கூட ஒற்றையாகப் போகமாட்டார்கள். எங்களைவிடப் பத்து மடங்கு காடு தெரிந்தவர்கள். ஒருத்தர் பாறையில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டபோது, கூட இருந்தவர் ஓடி வந்து சொன்னதால் பொழுது சாய்வதற்குள் தூக்கி வந்தோம். இதைப் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் முகாமுக்குப் போனால் வாரக்கணக்கில் சேதி வராதே, நான் யாரிடம் போய்க் கேட்டேன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று. சிக்னல் இல்லாத இடத்தில் சாட்டிலைட் வழியாகச் சேதி அனுப்பும் இன்ரீச் கருவியைப் பற்றிப் போன வருடம் நீயே சொன்னாய். பட்டியலில் அது இல்லை. கனம் நூறு கிராம் சொச்சம்தான். வாங்கு, காசு நான் அனுப்புகிறேன், மறுக்காதே. வண்டியை எங்கே நிறுத்துகிறாய், எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறாய், எந்த நாள் சாயங்காலம் வண்டிக்குத் திரும்புவாய், அந்த கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ் நம்பர் என்ன, நாலையும் ஒரு தாளில் எழுதி மருமகளிடம் கொடு. அவளிடம் கொடுப்பது தோதுப்படாது என்றால் எனக்கு அனுப்பு சாமி. ஏன் என்று கேட்கமாட்டேன். அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே காலை ஐந்தரை, நான் எப்படியும் எழுந்திருப்பேன். திரும்பியதும் என்னைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே.

அன்புடன்,
அப்பா