.32 பிஸ்டல் மாட்டிக்கொண்டால் முதலில் மேகசினைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தேர்தல் முடிந்து, காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கிய கையோடு கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சுடும்போது பிஸ்டல் நடுவுல மாட்டிக்குது, குழலை மாத்தணுமா?" அநேகமாக மாற்ற வேண்டியிருக்காது. மேகசின் (தோட்டாக்களை நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி), காய்ந்த எண்ணெய், தோட்டாவை நிரப்பிய விதம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

தொடும் முன் ஒன்று. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியை, இழுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் ஸ்லைடு முன்னே போகும்போது அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) தள்ளிவிடும். பிறகு மேகசினைக் கழற்றி வைத்துவிட்டு, காலியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்குள் நடக்கும் விபத்துகள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

.32 தோட்டாவுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. அதன் அடிவிளிம்பு உடம்பைவிடச் சற்றே அகலம். உடம்பு ஏறக்குறைய 8.6 மி.மீ., விளிம்பு 9.1 மி.மீ. மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. அதனால் நிரப்பும்போது, ஒவ்வொரு புதுத் தோட்டாவின் விளிம்பும் அடியில் இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நிரப்புங்கள். எல்லாம் ஏறிய பிறகு மேகசினின் முதுகை உள்ளங்கையில் லேசாகத் தட்டினால் ஒழுங்காக உட்காரும். தட்டிய பின் விளிம்புகளை இன்னொரு முறை பாருங்கள். முனையில் குழி உள்ள தோட்டாக்கள் நீளம் குறைவு. மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைப்பதால் இந்தப் பூட்டு அவற்றில் அதிகம் விழும். பூட்டிக்கொண்டால் ஸ்லைடோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேகசினை வெளியே எடுத்து, தோட்டாக்களை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி நிரப்பினால் போதும்.

உங்களிடம் இரண்டு மேகசின் இருந்தால் அடியில் 1, 2 என்று பெயின்டில் எழுதி வையுங்கள். எது போட்டிருக்கும்போது மாட்டுகிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒன்றில் மட்டும் மாட்டினால் பிஸ்டலில் குறையில்லை. அந்த மேகசினின் வாய்ப்பகுதியில் இரண்டு உதடுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு தடவை சிமென்ட் தரையில் விழுந்திருந்தாலே ஒரு பக்கம் விரிந்திருக்கும். தோட்டா கோணலாக எழும்பி, முனை, சேம்பருக்குள் ஏறும் சரிவில் முட்டி நிற்கும். தயவுசெய்து குறடு போட்டு வளைக்காதீர்கள். கடைசி இரண்டு தோட்டாக்கள் மட்டும் சேம்பருக்குள் ஏறவில்லை என்றால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போட்டால் சில நாளுக்கு ஓடும், அப்புறம் மறுபடி அதே கதை. புதிது போடுவதுதான் சரி. மேகசினின் உள்ளே எண்ணெய் விடக்கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும், தோட்டாவின் பின்முனைக்குள் கசிந்தால் மருந்தையும் கெடுக்கும்.

எண்ணெய் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது தேங்காய் எண்ணெய். கைக்குக் கிடைத்தது என்று அதைப் போடுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வேலூரில் மார்கழிக் காலையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தோட்டாவின் பின்முனையை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளையில் அது உறைந்து நின்றால் அந்த ஊசி மெதுவாகப் போய் மோதும். 'டிக்' என்று சத்தம் வரும், வெடிக்காது. வெயில் காலத்திலோ, உருகினாலும் நாள்பட்டுப் பசையாகித் தூசியோடு சேர்ந்து இறுகும். வெடிக்காத தோட்டாவின் பின்முனையைப் பாருங்கள்: குழி ஆழமில்லாமல் இருந்தால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபயரிங் பின் துளையில் எந்த எண்ணெயும் விடக்கூடாது. சேம்பரும் உலர்ந்தே இருக்கட்டும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை ஸ்லைடு ஓடும் தடங்களில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, குழலின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும்.

ஸ்லைடு கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்பது இன்னொரு பொதுவான புகார். இந்த ரகப் பிஸ்டல்கள் பலவற்றில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் எடையும் அதன் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் பின்னே போகும்போது வேகமாக மோதும், முன்னே வரும்போது முழுதாக மூடாது. காலிப் பிஸ்டலைக் குழல் வாய் மேலே பார்க்கும்படி பாதுகாப்பான திசையில் பிடித்து, ஸ்லைடை முழுக்க இழுத்து, கையால் தாங்கியபடி மெதுவாக விடுங்கள். தானாகவே முழுதும் மூட வேண்டும். மூடவில்லை என்றால் தடங்களைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் நின்றால் ஸ்பிரிங்தான்.

சுட்ட காலிக் கூடு வெளியே விழாமல் நெட்டுக்குத்தலாக ஸ்லைடில் சிக்கினால், கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் அடியில் கரி அடைத்திருக்கும். பல்குத்தும் குச்சியும் நைலான் பிரஷும் போதும். பிடி தளர்வாக இருந்தாலும் இப்படி ஆகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் நம் ஊருக்குப் பெருமை. ஆனால் எவ்வளவு நல்ல தோலுறையாக இருந்தாலும் அதிலேயே பிஸ்டலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிவைக்கும், பதனிட்ட உப்பும் அதில் தங்கியிருக்கும். உறை உரசும் இடத்தில்தான் முதல் துரு விழும். காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன்பும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள்.

இரண்டு இடங்களில் உடனே நிறுத்திவிட வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு மேகசினைக் கழற்றுங்கள்; தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. வழக்கத்தைவிடச் சத்தம் குறைவாக 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். முந்தைய குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம். அதன்மேல் இன்னொன்று போனால் குழல் பிளக்கும், கையும் போகும். காலி செய்துவிட்டு அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள். கம்பி விட்டுத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

தோட்டா ஏறும் சரிவை அரம் போட்டு வழவழப்பாக்குவது, லேத் பட்டறையில் கொடுத்து ஃபயரிங் பின் செய்துகொள்வது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு முறை அராவிய உலோகம் திரும்ப வராது. அதோடு, 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். உரிமமில்லாத பட்டறையில் கொடுத்தால் உங்களுக்கும் வழக்கு வரலாம்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் உரிமதாரரே நேரில் வாருங்கள். மகனிடமோ டிரைவரிடமோ கொடுத்தனுப்ப வேண்டாம். அசல் உரிமம், பிஸ்டல், இருக்கும் எல்லா மேகசின்களும், சுட்ட காலிக் கூடு ஒன்றிரண்டு இருந்தால் அவையும் வேண்டும். கூட்டின் பின்புறக் குழியைப் பார்த்தே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். உரிமம் முடியும் தேதியையும் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்துபோயிருந்தால் முதலில் கலெக்டர் அலுவலகத்தில் புதுப்பித்தல் வேலையைப் பாருங்கள், பழுதுபார்ப்பு அதன் பிறகுதான்.

இப்படிக்கு,
துப்பாக்கி விற்பனை, பழுதுபார்ப்புக் கடையினர்
வேலூர்