பழைய சிந்தசைசர் ஆர்வலர்கள்: 2024-25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

போன வருஷம் நான் அறிக்கை வாசித்தபோது பாதிப் பேர் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனது நினைவிருக்கிறது. அதனால் இந்த முறை கணக்கு வழக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். வரவு செலவுத் தாள் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி யார் யார் என்று அவருக்கும் தெரியும், பாக்கிக்காரர்களுக்கும் தெரியும். புதிதாக இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் மாற்றலாகிக் கோவைக்குப் போய்விட்டார். போகும்போது தன் ரோலண்ட் ஆக்டோபேடை நம் அறைக்கே கொடுத்துவிட்டார். 1985-இல் வந்த முதல் மாடல் அது. உள்ளே ஒலி எதுவும் கிடையாது, தட்ட எட்டுப் பட்டைகள் மட்டும்தான். மிடி கேபிள் (ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு) வழியாக வேறொரு பெட்டியைத்தான் ஒலிக்க வைக்கும். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘ரிப்பேர்’ என்று சீட்டு ஒட்டிய நண்பர் சீட்டை எடுத்துவிடவும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல ஞாயிறு மாலை புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடி அறையில் நடந்தன. காலையில் மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சுற்றிவிட்டு, கையில் ஏதாவது பழைய அடாப்டரோடு வருவதும் வழக்கம்போலத்தான். எல்லாக் கூட்டங்களையும் சொல்லப் போவதில்லை.

கிளாவியோலின் பற்றிய மாலை நன்றாக அமைந்தது. 1947-இல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் உருவாக்கிய, பழைய ரேடியோ மாதிரி வால்வில் ஓடும் சின்ன கீபோர்டு அது. (அவர் பெயரை உச்சரிப்பதில் நம் ஊர்ப் பிரெஞ்சு படித்தவர்களிடையே கால் மணி நேரத் தகராறு.) 1954-இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் ஊரே பாம்பாட்டியின் மகுடி என்று நம்பிய ஒலி, பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி இந்தக் கருவியில் வாசித்தது. நம் தெருக் கல்யாணங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் அந்த மெட்டை எடுத்ததும் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள், ஒரு வால்வுப் பெட்டியின் ஒலிக்குத்தான் ஆடுகிறார்கள். தொடாமலே கையசைத்து வாசிக்கும் தெரெமின் கருவியின் செய்முறை அவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை. காதுக்கு எட்டாத இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்தான் அதில் நமக்குக் கேட்பது. ஆன்டெனாவுக்கு அருகே கை வந்தால் அந்த வித்தியாசம் மாறும். கை என்றால் யார் கையும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் சுற்றி நின்றதும் சுருதி எங்கேயோ போய்விட்டது. பிள்ளைகளுக்கு என்னவோ அதுதான் பிடித்திருந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவியது பற்றியும், அங்கே கீதா சாராபாய் போன்றவர்கள் செய்த ஒலிநாடாக்கள் பற்றியும் ஒரு கூட்டம் பேசினோம். வந்தவர்கள் குறைவு. அன்று கிரிக்கெட்.

இனி டிசம்பருக்கு வருகிறேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. நம் அறை மாடியில் இருந்ததால் தப்பியது. ரெயின்போ நகர் உறுப்பினர் வீட்டில் முட்டிக்கு மேல் தண்ணீர். அதற்குள் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வர, கடலூர் நண்பர்களின் போனும் எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்துதான் அங்கே போக முடிந்தது.

அங்குள்ள நம் மூத்த உறுப்பினர் முப்பது வருஷம் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவருடைய யமஹா டிஎக்ஸ்-7 சிந்தசைசர் கட்டிலுக்கு அடியில் சேற்றில் கிடந்தது. டிஎக்ஸ்-7 வந்தது 1983-இல். அதன் வேர் 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த ஒரு விஷயம். ஒரு ஸ்வரத்தை அசைத்து, அந்த அசைவை வேகமாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அசைவு காதில் மறைந்து குரலின் நிறமே மாறிவிடுகிறது. கமகத்தை மிஞ்சிய கமகம் என்று நான் சொல்வதைச் சங்கீத உறுப்பினர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

நனைந்த கருவியில் முதலில் செய்ய வேண்டியது பேட்டரியைக் கழற்றுவது. ஈரத்தில் அந்த மூன்று வோல்ட்டே போதும், போர்டின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். ஆனால் டிஎக்ஸ்-7 நினைவில் வைத்திருக்கும் 32 டோன்களும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. கழற்றினால் எல்லாம் போய்விடும். அவர் பல வருஷம் திருவிழா மேடைகளில் தட்டித் தட்டிச் செய்த நாகஸ்வர டோன் அதில்தான் இருந்தது. சால்டரிங் அயனைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கினேன். “கழட்டு தம்பி, நோட்டு இருக்கு” என்றார்.

நோட்டு பீரோ மேல்தட்டில் இருந்தது. கல்யாண வீட்டு அட்வான்ஸ் கணக்குகளுக்கு நடுவே, ஆறு ஆபரேட்டருக்கும் (ஒலியை உண்டாக்கும் உட்பகுதிகள்) கட்டம் போட்டு, ஒரு டோனுக்கு நூற்றைம்பதுக்கு நெருக்கமான எண்கள்.

போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மறுபடி கழுவி, வாரக்கணக்கில் உலர வைத்தோம். அந்த மாதத்தில் வெயில் எங்கே? டேபிள் ஃபேன்தான். கீகளுக்கு அடியிலிருந்த தொடுபட்டைகள் ஒவ்வொன்றையும் துடைத்த மஞ்சக்குப்பம் தம்பிக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முன் ஆன் செய்தோம், திரையில் எழுத்து வந்தது. நோட்டைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக ஏற்ற ஒரு மாலை பிடித்தது. ஓர் எண் மட்டும் பூச்சி அரித்து, 7-ஆ 1-ஆ என்று தெரியவில்லை. 7 போட்டோம். வாசித்துப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம் சளி பிடிச்ச நாயனம்” என்றார். 1 போட்டதும் ஒன்றும் சொல்லவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்.

ரெயின்போ நகர் வீட்டிலிருந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் தண்ணீருக்குத் தப்பியும், ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு குரல்களில் இரண்டு கரகரத்தன. அது வெள்ளத்தின் குற்றமில்லை. 1984 மாடலான அதன் குரல் சிப்புகளைச் சுற்றி ஊற்றிய பிசின் பூச்சு, வயதானால் மின்சாரத்தைக் கசிய விடும். சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊற வைத்துப் பூச்சை உரித்தோம். ஒன்று பேசியது. மற்றது இன்னும் ஊமை. நம் கடற்கரை உப்புக்காற்றில் எல்லாக் கருவிக்கும் இந்த மாதிரி ஏதாவது காத்திருக்கிறது.

ஒரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான டிரம் மெஷின், 100 வோல்ட்டுக்கானது, அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகியது நான்தான். வாசனை இரண்டு நாள் போகவில்லை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய செலவு என்னுடையது, சங்கக் கணக்கில் ஏற்றவில்லை.

புதிதாக ஏதாவது பெரிய கருவி வாங்கலாம் என்ற தீர்மானம் செயற்குழுவில் வந்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன், தீர்மானம் தோற்றது. நமக்கு வேண்டியது, மின்னலையைத் திரையில் காட்டும் ஒரு நல்ல ஆசிலாஸ்கோப். கட்டிலுக்கடியிலும் பரணிலும் தூங்கும் கருவிகள் புதுச்சேரியிலும் கடலூரிலும் நம்மிடமே போதுமான அளவு இருக்கின்றன. அவற்றின் டோன்களை ஐப்பசி மழைக்கு முன் மிடி வழியாகக் கணினியில் இறக்கி வைப்பதென முடிவாகியிருக்கிறது. நோட்டிலும் எழுத வேண்டும் என்பது கடலூர்க்காரரின் திருத்தம், அதுவும் ஏற்கப்பட்டது.

அறைச் சாவி என்னிடமும் துணைத்தலைவரிடமும் இருக்கிறது. அசிட்டோன் பாட்டில் மேல் அலமாரியில், மூடி சரியாக மூடாது, சாய்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்