மைதானத்தைத் திறந்துவிட்ட கிரிக்கெட் சங்கத்தாருக்கு ஒரு நன்றி மடல்

கிரிக்கெட் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள், மைதானப் பராமரிப்புப் பணியாளர்கள், பயிற்சியாளர்கள், இளம் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் கால்பந்துக் கழகத்தின் வணக்கம்.

தீராத நோயுற்றோரின் வலியைத் தணித்துப் பேணும் ஆதரவுச் சிகிச்சை இல்லத்துக்கு நிதி திரட்டுவதற்காக நாங்கள் ஏற்பாடு செய்த கால்பந்தாட்டம் உங்கள் மைதானத்தில் நல்லபடியாக நடந்து முடிந்தது. கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டு, திரண்ட தொகை இல்லத்திடம் சேர்ந்துவிட்டது. உங்களில் பலரிடம் எங்கள் நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டோம். ஆயினும் பலர் அறியச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஒரு விளையாட்டுச் சங்கம், தன்னுடைய பார்வையாளர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டியாக நிற்கும் இன்னொரு விளையாட்டுக்குத் தன் களத்தைத் திறந்துவிடுவது, வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல ஒரு பூட்டைத் திறக்கும் வேலை அன்று. அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய தயக்கமும் விவாதமும் உழைப்பும் இருந்தன என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

எங்களுக்கென்று ஒரு களம் இருக்கிறது. ஆனால் அதில் பார்வையாளர் மாடம் சிறியது; ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்புவதற்கு வழியில்லை; சக்கர நாற்காலியில் வருவோருக்குச் சாய்தளம் இல்லை. இல்லத்தில் சிகிச்சை பெறுவோர் சிலரும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஆட்டத்தைக் காண விரும்பியபோது, உங்கள் மைதானத்தைத் தவிர வேறு இடம் எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் கடிதம் கிடைத்ததும், 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிடாமல், அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே அதைப் பொருளாக வைத்து, எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்துப் பேச வைத்த செயலாளர் அவர்களுக்கு முதல் நன்றி.

இரண்டாவது நன்றியை, அந்தக் கூட்டத்தில் எங்கள் கோரிக்கையை எதிர்த்துப் பேசிய உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இந்த மைதானம் உறுப்பினர்களின் சந்தாவிலும் உடலுழைப்பிலும் உருவானது என்று அவர்கள் சொன்னார்கள். இன்று கால்பந்துக்குக் கொடுத்தால் நாளை வேறொருவர் வந்து கேட்கும்போது எந்த முகத்தோடு மறுப்பது என்று கேட்டார்கள். பிள்ளைகள் எந்த விளையாட்டை நோக்கிப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சங்கத்தின் நாளைய வாழ்வு இருக்கிறது என்றும் எடுத்துரைத்தார்கள். இவை யாவும் நியாயமான கேள்விகள். நற்பணி என்ற சொல்லைக் கேட்டவுடன் வாயடைத்துப்போகாமல், தங்கள் பொறுப்பில் இருக்கும் ஒன்றைக் காக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகு, அதே உறுப்பினர்கள் ஆட்டத்தன்று நுழைவாயிலில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதை நாங்கள் மறக்கமாட்டோம்.

அவர்களுடைய அச்சத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள பிராமல் லேன் மைதானம் 1855-இல் கிரிக்கெட்டுக்காகத் திறக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் வேலையிழந்து பட்டினி கிடந்த காலத்தில், அவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக 1862 டிசம்பர் 29 அன்று அங்கே முதன்முறையாகக் கால்பந்து ஆடப்பட்டது. ஷெஃபீல்டு கழகமும் ஹாலம் கழகமும் மோதிய அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. கிரிக்கெட் மைதானம் ஒன்று ஏழைகளுக்காகக் கால்பந்துக்குக் கதவு திறந்த கதை அவ்வளவு பழையது. ஆனால் அதே மைதானத்தில் 1973-க்குப் பிறகு கிரிக்கெட் இல்லை. இன்று அது முழுக்க முழுக்கக் கால்பந்து மைதானம். எதிர்த்துப் பேசியவர்கள் அஞ்சியது இப்படி ஒரு முடிவைத்தான். எங்கள் கருத்து என்னவென்றால், பிராமல் லேனில் கிரிக்கெட்டை வெளியேற்றியது அந்த ஒரு நாள் நற்பணி ஆட்டம் அன்று. வருமானத்தை நாடி 1889-இல் அங்கே தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகமும், அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த வருமானத்தின் மீது வளர்ந்த சார்புமே அதற்குக் காரணம். எனவே நற்பணிக்காக ஒரு நாள் திறப்பதையும் வாடகைக்காக ஆண்டு முழுவதும் திறப்பதையும் வெவ்வேறு பொருளாக வைத்துத்தான் ஒரு சங்கம் முடிவெடுக்க வேண்டும். உங்கள் செயற்குழு அப்படித்தான் செய்தது. வாடகை வாங்க மறுத்தீர்கள். மின்விளக்குக்கும் துப்புரவுக்கும் ஆன செலவை மட்டும் பெற்றுக்கொண்டீர்கள்.

அனுமதி கிடைக்காமல் போயிருந்தால் உங்கள் மீது நாங்கள் கோபப்பட்டிருப்போமா என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் பின்னர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது அயர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. மான்செஸ்டர் யுனைடெட், செல்டிக் கழகங்களுக்கும் அயர்லாந்து நாட்டு அணிக்கும் ஆடிய லியம் மில்லர், 2018 பிப்ரவரியில் கணையப் புற்றுநோயால் 36 வயதில் காலமானார். அவருடைய குடும்பத்துக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் நிதி திரட்ட அவருடைய சொந்த ஊரான கார்க் நகரில் ஓர் ஆட்டம் ஏற்பாடானது. முதலில் திட்டமிட்ட கால்பந்து மைதானம் ஏறத்தாழ 7,000 பேரை மட்டுமே கொள்ளும். அதே நகரில், அரசின் 3 கோடி யூரோ உதவியோடு புதுப்பிக்கப்பட்ட, 45,000 பேரைக் கொள்ளும் பார்க் ஈ க்வீவ் மைதானம் இருந்தது. ஆனால் அது அந்நாட்டுக்கே உரிய கேலிக் கால்பந்தையும், மட்டையால் பந்தடித்து ஆடும் ஹர்லிங்கையும் வளர்க்கும் கேலிக் தடகளச் சங்கத்துக்கு உரியது. பிற விளையாட்டுகளுக்குத் தன் மைதானங்களைத் தரக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் அன்றைய விதி. விதியை மாற்றவோ ஆண்டு மாநாடு கூடவேண்டும். சங்கம் முதலில் மறுத்தது; மக்கள் கொதித்தார்கள்; ஜூலை இறுதியில் சங்கத்தின் மத்தியக் குழு கூடி அனுமதி அளித்தது. செப்டம்பர் 25 அன்று 40,000-க்கும் மேற்பட்டோர் அந்த மைதானத்தில் திரண்டார்கள்.

அந்தச் சங்கத்தைத் தன்னலக்காரர்கள் என்று அப்போது ஏசியவர்களோடு எங்களால் சேர முடியவில்லை. பிரிட்டனின் ஆட்சியின் கீழ் மங்கிக்கொண்டிருந்த மண்ணின் விளையாட்டுகளைக் காப்பதற்காக 1884-இல் தோன்றிய அமைப்பு அது. அதன் தலைமை மைதானமான குரோக் பார்க்கில், 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் ஓர் ஆட்டக்காரர் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட மைதானத்தைத்தான், ரக்பியும் கால்பந்தும் நடந்துவந்த லான்ஸ்டவுன் ரோடு மைதானம் திருத்திக் கட்டப்பட்ட காலத்தில் அவ்விரு விளையாட்டுகளுக்கும் தற்காலிகமாகத் திறக்கலாம் என்று 2005-இல் 227-க்கு 97 என்ற வாக்குக் கணக்கில் அவர்கள் முடிவெடுத்தார்கள். 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி அங்கே ஆடியது. அந்நாட்டின் தேசிய கீதம் எவ்வித இடையூறும் இன்றி ஒலித்தது. மறுப்பதற்கு அவர்களைவிடக் கனமான காரணம் உள்ள சங்கம் உலகில் இருப்பது அரிது. ஆகவே கார்க் நகரில் நடந்ததை மனக்கோணல் என்று நாங்கள் கருதவில்லை. 'ஆம்' என்று சொல்லும் அதிகாரத்தை உரிய காலத்தில் எவர் கையிலும் விட்டுவைக்காத விதிதான் அங்கே இடராக நின்றது. நோயும் சாவும் ஆண்டுப் பொதுக்குழு கூடும் வரை காத்திருப்பதில்லை. 2019-இல் அந்தச் சங்கமே தன் விதியைத் தளர்த்தி, இத்தகைய கோரிக்கைகளை மத்தியக் குழுவே முடிவுசெய்யலாம் என்று மாற்றிக்கொண்டது. உங்கள் துணைவிதிகளில் செயற்குழுவுக்கு அந்த அதிகாரம் முன்பே இருந்தது எங்கள் நற்பேறு. அதை எழுதிவைத்த மூத்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

இனி மைதானப் பராமரிப்பாளர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் அனுமதி தந்தது செயற்குழுவாக இருந்தாலும், அதன் சுமையைத் தலைமேல் தாங்கியவர்கள் அவர்கள்தான். கிரிக்கெட் பிட்ச் என்பது களிமண்ணைப் பருவந்தோறும் நனைத்து, உலர்த்தி, ரோலர் ஓட்டி இறுக்கிய தரை. கால்பந்துக் காலணியின் குமிழ்கள் அதில் குழி விழச் செய்தால், பந்து எழும்பும் உயரம் மாறி, மட்டையாளரின் முகத்தைப் பதம் பார்த்துவிடும். வழக்கமான 105-க்கு 68 மீட்டர் கால்பந்துக் களத்தை எங்கே வைத்தாலும் அது பிட்ச்சின் மேல் ஏறிவிடும் என்பதால், ஆட்டமே கைகூடாதோ என்று நாங்கள் கலங்கி நின்றோம். அப்போது உங்கள் மூத்த பராமரிப்பாளர் அளவுநாடாவை எடுத்து வந்தார். கால்பந்து விதிகள் எவ்வளவு சிறிய களத்தை அனுமதிக்கின்றன என்று எங்களிடம் கேட்டார். நீளம் 90 மீட்டர், அகலம் 45 மீட்டர் என்றோம். மைதானத்தின் மையத்திலிருந்து எல்லைக்கோடு வரை 75 மீட்டர், 20.12 மீட்டர் நீளமுள்ள பிட்ச்சின் ஒரு முனைக்கு அப்பால், மையத்திலிருந்து 13 மீட்டர் தள்ளித் தொடங்கினால் களம் முழுதும் புல்வெளியிலேயே அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நூல் பிடித்துப் பார்த்தபோது வெளிப்பக்க மூலைகள் இரண்டும் எல்லைக் கயிற்றை ஏறத்தாழ ஒட்டி வந்து நின்றன. எங்கள் நடுவருக்கே தோன்றாத தீர்வு அது.

அவர் விதித்த நிபந்தனைகளும் அவ்வளவு துல்லியமானவை. கோல் கம்பங்களுக்குக் குழி தோண்டக் கூடாது. எடை வைத்து நிறுத்தும் கம்பங்களையே கொண்டுவர வேண்டும். மூலைக்கொடிகளும் அடித்தட்டில் நிற்பவையாக இருக்க வேண்டும். உலோகக் குமிழ் வைத்த காலணிக்கு இடமில்லை. புல்லைக் கருக்கும் சுண்ணாம்பால் கோடு போடக் கூடாது. முந்தைய இரவில் மழை பெய்து தரை இளகியிருந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் இறுதி உரிமை அவருடையது. தலைவரே சொன்னாலும் அதில் மாற்றம் இல்லை. இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோதுதான் எங்களுக்கு உண்மையான நம்பிக்கை பிறந்தது. களத்தைக் காக்கும் அதிகாரம் களத்தை அறிந்தவரிடம் இருக்கும்வரை, பிறருக்குத் திறந்துவிடுவதில் ஒரு சங்கம் இழப்பதற்கு அதிகம் இல்லை. ஆட்டம் முடிந்து விளக்குகள் அணைவதற்கு முன்பே அவரும் உதவியாளர்களும் புல்லில் பெயர்ந்த இடங்களை ஒவ்வொன்றாக மிதித்து அமர்த்தி, மணலும் விதையும் தூவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் தாமாகவே போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

வார இறுதிப் பயிற்சியை விட்டுக்கொடுத்த இளம் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கும், அவர்களுக்கு அதன் காரணத்தை எடுத்துச் சொன்ன பயிற்சியாளர்களுக்கும் நன்றி. அந்தப் பிள்ளைகள் பிட்ச்சைச் சுற்றிக் கட்டிய கயிற்றருகே நின்று, அந்தப் பக்கம் உருண்டுவந்த பந்தை எல்லாம் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கட்டணம் பெறாமல் வந்த நடுவர்கள், மருத்துவர், செவிலியர்கள், வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர்கள், நுழைவுச்சீட்டுக்கு மேலும் உண்டியலில் கொடுத்த பார்வையாளர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். நற்பணியின் பெயரால் திரளும் பணத்தின் மீது ஐயம் எழுந்தால் அது எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குக் கால்பந்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில், டிக் கெர் என்ற தொழிற்சாலையின் மகளிர் கால்பந்து அணி ஆடிய ஆட்டத்தைச் சுமார் 53,000 பேர் கண்டார்கள். நற்பணிக்காக 3,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று சொன்னதோடு, வசூலில் பெரும்பங்கு செலவுகளுக்குப் போய் நற்பணிக்குக் குறைவாகவே சேர்கிறது என்ற குறையையும் அது காரணமாகக் காட்டியது. தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. அந்தக் குற்றச்சாட்டு ஒரு சாக்கு என்றே நாங்கள் கருதுகிறோம். தங்கள் விளையாட்டின் சங்கமே கதவை மூடியபின் அந்தப் பெண்களில் சிலருக்கு ரக்பி மைதானங்கள் இடமளித்தன என்பதைப் படிக்கும்போது, எங்களுக்கு உங்கள் முகங்கள்தான் தோன்றுகின்றன. அத்தகைய சாக்குக்கு எவரும் இடம் காணக் கூடாது என்பதற்காக, வரவு செலவு அறிக்கையின் ஒரு படியை உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கொடுத்திருக்கிறோம். எங்கள் ஆட்டக்காரர்களின் பயணச் செலவைக் கழகமே ஏற்றதால், அது அந்தக் கணக்கில் வரவில்லை.

எங்கள் பொதுக்குழு சென்ற கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. நற்பணிக்காக வேறு எந்த விளையாட்டின் சங்கம் எங்கள் களத்தைக் கேட்டாலும், பொதுக்குழு கூடும் வரை காத்திராமல் செயற்குழுவே முடிவெடுக்கலாம் என்றும், வாடகை பெறுவதில்லை என்றும், தரையின் நிலையைப் பொறுத்து ஆட்டத்தை நிறுத்தும் உரிமை களப் பராமரிப்பாளருடையது என்றும் துணைவிதி திருத்தப்பட்டிருக்கிறது. நிபந்தனைகளின் வாசகத்தை உங்கள் மூத்த பராமரிப்பாளரின் ஒப்புதலோடு அவர் எழுதியபடியே எடுத்துக்கொண்டோம். களம் சிறியதாயினும் சிறுவர்களுக்கான டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போதும். வரும் பருவத்தில் இல்லத்துக்காக நீங்கள் அப்படி ஓர் ஆட்டம் நடத்துவதானால், தேதியை மட்டும் தெரிவியுங்கள். கோல் கம்பங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வாயிலில் நிற்க நாங்கள் வருகிறோம்.

நன்றியுடன்,
கால்பந்துக் கழகத்தின் செயற்குழுவினர் சார்பில்,
செயலாளர்