நாயோடு வரும் வண்டிக்கு இரவில் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 32 வருடம் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். காலாண்டு விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு, எங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு, படுக்கை வசதியுள்ள ஒரு வேனை வாடகைக்கு எடுத்து நான்கு நாள் டெல்டாவைச் சுற்றி வந்தோம். ராத்திரியில் அந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு ஒரு வழி நம் ஊர்களிலேயே இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்து ஓய்ந்து விடிந்தபோது, எங்கள் கொல்லையில் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு மட்டைக்கு அடியில் ஏதோ முனகும் சத்தம். தூக்கிப் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி, உடம்பெல்லாம் சேறு. தாய் என்ன ஆனதோ தெரியவில்லை. கழுவித் துடைத்த பிறகுதான் செவலை நிறம் என்று தெரிந்தது. அதுவே பெயராகிவிட்டது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் பஞ்சில் பாலை நனைத்து ஊட்டி வளர்த்தோம். இன்றைக்கும் காற்று பலமாக அடித்தால் செவலை கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டு படுத்துவிடும். ஒருமுறை பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், வைத்த சோறு வைத்தபடி காய்ந்து கிடந்தது. அன்றோடு அதை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை என்று முடிவு செய்தோம்.

ரயிலில் போகலாம் என்றால், முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் என்னும் தனி அறை முழுவதையும் நாமே எடுத்தால்தான் நாய் நம்மோடு வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் தனியாகப் போக வேண்டும். புயலைப் பார்த்த நாயை அந்த இருட்டில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அதனால் கோயம்புத்தூரில் இருக்கும் மகன், சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவன் போன்ற ஒரு வண்டியை வெளியூர்க்காரர் ஒருவரிடம் பேசி முடித்தான். நாள் வாடகை 10,000 ரூபாய், ஓட்டுநர் பேட்டா தனி. நான்கு பேர் படுக்கலாம், அடுப்பு உண்டு, சின்னதாகக் கழிவறையும் உண்டு. பேத்தியும் பேரனும் கீழே பாய் விரித்துக்கொண்டார்கள்.

போனில் "நாயா, தாராளமாகக் கூட்டி வாங்க" என்று சொன்னவர்கள்தான். விடிகாலையில் வாசலில் வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் செவலையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாய்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே. முடி கொட்டினா அடுத்த பார்ட்டி சத்தம் போடுவாங்க" என்றார். பேரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்த நேரத்தில் நாம் என்ன பேச முடியும்? சுத்தம் செய்யத் தனியாக 2,000 ரூபாய் என்று ஒத்துக்கொண்டு கிளம்பினோம். நான் பழைய போர்வை இரண்டை விரித்து, தினமும் காலையும் மாலையும் கூட்டித் துடைத்தேன். ஆனாலும் திரும்பக் கொடுக்கும்போது வாடை அடிக்கிறது என்று சொல்லி முன்பணத்தில் இன்னும் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதைவிட, சொன்ன வார்த்தை மாறியதுதான் எனக்கு வருத்தம்.

நாயோடு போக நினைப்பவர்கள் நாய் வருகிறது என்பதையும், அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியின் உள்ளே படம் எடுத்து வையுங்கள். நம்பர் பலகையையும் பாருங்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகை, நாமே ஓட்டிக்கொள்ளக் கொடுப்பது என்றால் கறுப்பில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. அதில் வாடகைக்குப் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும். நாயின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் வயிறு நிறையச் சோறு போட வேண்டாம், மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும் என்று எங்கள் கால்நடை மருந்தக டாக்டர் சொன்னார். அதன்படி நடந்தோம். வழியெல்லாம் செவலை ஒருதடவைகூட வாந்தி எடுக்கவில்லை.

முதல் நாள் காலையில் கல்லணை. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மதியம் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. அதில் எனக்குக் குறையில்லை. 1010-இல் கட்டி முடித்த கோயிலைப் பேத்தி நிதானமாகப் பார்க்கட்டும் என்று நானும் செவலையும் வண்டியிலேயே இருந்தோம். இஞ்சினை அணைத்ததும் ஏசியும் நின்றுவிட்டது. எங்கள் வண்டியில் நிறுத்தின இடத்தில் ஏசி ஓட வேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். வாகன நிறுத்தத்தில் கரண்டுக்கு எங்கே போவது? பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளே தகரக் கொட்டகை போலக் காந்தியது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். செவலையின் நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறுபோலத் தொங்க ஆரம்பித்தது. கதவைத் திறந்து இறக்கி, ஒரு பஸ்ஸின் நிழலில் உட்காரவைத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். குடிக்காமல் முன்னங்கால் இரண்டையும் கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. துண்டை நனைத்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஒற்றி எடுத்தேன். மூச்சு மட்டுப்பட கால் மணி நேரம் ஆனது. தயவுசெய்து யாரும் மூடிய வண்டிக்குள் நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி வைத்தால் மட்டும் போதாது.

முதல் ராத்திரி கும்பகோணம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினோம். விளக்கு வெளிச்சம், விடியவிடிய லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் செவலை குரைத்தது, யாரும் கண் அசரவில்லை. மறுநாள் தாராசுரம். அப்புறம், பாதிச் சாலையில் காய்ந்துகொண்டிருந்த குறுவை நெல்லை ஒதுக்கி ஒதுக்கிப் பூம்புகார் போய்ச் சேர்ந்தோம். அங்கே கடற்கரைப் பக்கம் நிறுத்திச் சமையலை முடித்துப் படுக்கும்போது மணி பத்து. ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். இங்கே ராத்திரி தங்கக்கூடாது, எடுங்கள் என்றார். எங்கே போய்த் தங்கலாம் என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. தூங்கின பிள்ளைகளோடு சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தோம்.

ஒரு வாய்க்கால் கரையில் ஓட்டுநர் நிறுத்தினார். கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது, இருட்டுதானே, திறந்துவிட்டு அலசிக்கொள்கிறேன் என்று குழாயை எடுத்தார். நான் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி, விடிந்தால் இதில் மாடு குளிக்கும், பிள்ளைகள் குதிக்கும், கீழே இருக்கும் வயலுக்கெல்லாம் இதுதான் தண்ணீர் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "வேற எங்கம்மா கொட்டறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. என்னிடம்தான் பதில் இல்லை. அன்றிரவு முழுவதும் கழிவறைக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரரைக் கைப்பிடித்து இருட்டில் இறக்கி ஏற்றினோம்.

மூன்றாம் நாள் தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டு, கோடியக்கரைக்குப் போனோம். சரணாலயத்துக்குள் நாயை விடமாட்டார்கள். அது நூற்றுக்கு நூறு சரி. வெளிமான் பயந்த பிராணி, நாயின் வாடை பட்டாலே மிரண்டு ஓடும். நாயிடமிருந்து காட்டு மிருகங்களுக்கு நோயும் தொற்றும். மகனும் மருமகளும் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள், நாங்கள் வெளியே மர நிழலில் இருந்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் திருத்துறைப்பூண்டி போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் வயதான காவலாளி ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்கத்தான் நிறுத்தினோம். உள்ளே எட்டிப் பார்த்தால் பெரிய வளாகம், சுற்றுச்சுவர், இரண்டு வேப்பமரம், வரிசையாகக் குழாய்கள், கழிவறைகள். யாருமே இல்லை. "புரட்டாசியில ஏதும்மா கல்யாணம்? உள்ளே கொண்டாந்து போடுங்க" என்றார். உரிமையாளருக்குப் போன் செய்து 500 ரூபாய் பேசி முடித்தார். சமையல்கட்டுப் பக்கம் இருந்த பிளக்கிலிருந்து வண்டிக்குக் கரண்ட், ஏசி ஓடியது. கழிவுத் தொட்டியின் குழாயை மண்டபத்து செப்டிக் டேங்கில் விட்டோம். கேட்டைப் பூட்டியதும் செவலையின் சங்கிலியைக் கழற்றினேன். மூன்று நாள் கழித்து முதல்முறையாக அது சுவரோரமாக ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, காவலாளியின் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தூங்கியது. வீட்டுக்காரர் அன்று ராத்திரி நான்கு தடவை எழுந்தார். ஒரு தடவைகூட நான் துணைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அந்த ராத்திரிதான் எனக்கு இது தோன்றியது. காலாண்டு விடுமுறை புரட்டாசியில் வருகிறது, அரையாண்டு மார்கழியில். இரண்டு மாதமும் நம் பக்கம் கல்யாணம் கிடையாது. பிள்ளைகளுக்கு லீவு விடும் நாட்களில் மண்டபங்கள் காலியாக இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் கிடைக்காதுதான். ஆனால் இந்த இரண்டு விடுமுறைக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதே இல்லை. நகராட்சி மண்டபங்கள், ஊராட்சிகளின் சமுதாயக் கூடங்கள், விருப்பமுள்ள தனியார் மண்டபங்கள் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் ஒரு பட்டியலாகத் தொகுக்க வேண்டும். இரவுக்கு இவ்வளவு கட்டணம், கரண்டுக்கு இவ்வளவு, கழிவை இங்கே விடலாம், நாய் வரலாம் அல்லது கூடாது என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினால் போதும். நாய் கூடாது என்று எழுதியிருந்தால்கூட நல்லதுதான், நாங்கள் முன்கூட்டியே வேறு இடம் பார்த்துக்கொள்வோம். காவலாளிக்கும் நாலு காசு கிடைக்கும். வாய்க்காலும் தப்பிக்கும்.

இது நமக்குப் புதிய வழக்கமும் இல்லை. எங்கள் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது, ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகக் கட்டி வைத்தவை. என் அப்பா மன்னார்குடிக்கு நெல் ஏற்றிப் போகும்போது சின்னப் பெண்ணாக நானும் கூடப் போயிருக்கிறேன். வண்டிப்பேட்டையில் மாட்டை அவிழ்த்துக் கட்ட மரம் இருக்கும், கல் தொட்டியில் தண்ணீர் இருக்கும். வழியெல்லாம் வண்டிக்கு அடியிலேயே, அந்த நிழலில், எங்கள் வீட்டு நாய் நடந்து வரும். பேட்டையில் அதுவும் அந்தத் தொட்டியிலேயே தண்ணீர் குடிக்கும். யாரும் அதை விரட்டி நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் ஊராட்சியில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் சமுதாயக் கூடத்துக்கு முன்னால் புங்கமரம் இருக்கிறது, அடிபம்பு வேலை செய்கிறது, 15 ஆம்பியர் பிளக் ஒன்று மட்டும் வைக்க வேண்டும். அந்தச் செலவை நானே தருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கு முன் அனுமதி கிடைத்தால், முதலில் வரும் வண்டிக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பி வைக்கும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.